குப்பையைப் பிரிக்கிறோம், ஆனால் குப்பை ஏன் குறையவில்லை?

வினா: மரநிழல்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 3 ஆண்டுகளாக மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்தும், மக்காதவற்றைக் காகிதம், கண்ணாடி, உலோகம், நெகிழி என மேலும் வகுத்தும் கொடுத்து வருகிறோம். இந்த வேலையை ஒருங்கிணைக்கும் பொறுப்பு என்னிடம் இருப்பதால், மாதந்தோறும் எந்த வகையில் எவ்வளவு எடை வெளியே போகிறது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கிறேன். சென்ற வாரம் அதை முதல் பக்கத்திலிருந்து புரட்டிப் பார்த்தபோதுதான் ஒரு முரண் கண்ணில் பட்டது. மறுசுழற்சிக்குப் போகும் பங்கு ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்திருக்கிறது; ஆனால் எல்லாவற்றையும் கூட்டினால் வளாகத்தை விட்டு வெளியேறும் மொத்த எடை குறையவே இல்லை, சற்றுக் கூடியும் இருக்கிறது. குடியிருப்போர் எண்ணிக்கையில் மாற்றமில்லை.

இதைக் கூட்டத்தில் சொன்னபோது, "மறுசுழற்சிக்குத்தானே போகிறது, கூடினால் என்ன கெட்டுவிட்டது?" என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டது தவறு என்று தோன்றியது. ஏன் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆகவே இங்கே கேட்கிறேன். மறுசுழற்சிக்குப் போகும் பொருள் கூடுவது நல்லதா, இல்லையா? பொருள்கள் வீணாகாமல் சுழன்றுகொண்டே இருக்கும் ஒரு சமூகத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அதில் வீடுகளால் ஆவது எவ்வளவு, மற்றவர்களால் ஆக வேண்டியது எவ்வளவு? பிரிப்பதை நிறுத்திவிடும் எண்ணம் எனக்கு இல்லை. அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறேனா என்பதே என் ஐயம்.

மறுமொழி: உலைக்களம்

நான் உலர் கழிவைப் (நீங்கள் மக்காத குப்பை என்று சொல்வதைப்) பிரிக்கும் ஆலை ஒன்றில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். உங்கள் கூட்டத்தில் அந்த நண்பர் கேட்டதற்கு ஒரே விடை கிடையாது. எந்தப் பொருள் கூடியது என்று தெரிந்தால்தான் விடை சொல்ல முடியும். 'மறுசுழற்சி' என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றோடொன்று ஒட்டாத நான்கைந்து கதைகள் இருக்கின்றன.

அலுமினியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாதுவிலிருந்து புதிதாக எடுப்பதோடு ஒப்பிட்டால், பழைய அலுமினியத்தை உருக்கி எடுப்பதில் ஏறத்தாழ 95 விழுக்காடு ஆற்றல் மிச்சமாகிறது. உருக்கியதை மீண்டும் மீண்டும் உருக்கலாம். கண்ணாடியும் அப்படித்தான், ஆனால் நிறம் கலக்கக் கூடாது. உடைந்த பீங்கான் துண்டு ஒன்று சேர்ந்துவிட்டால் அது உலையில் கண்ணாடியோடு உருகாமல் தங்கி, வார்த்த பாட்டிலில் பழுதாக நிற்கும். காகிதத்தின் நிலை வேறு. ஒவ்வொரு முறை கூழாக்கும்போதும் அதன் இழை குட்டையாகிறது. 5 முதல் 7 முறைக்குப் பிறகு அந்த இழை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாது. அதனால் எவ்வளவு நேர்த்தியாகக் காகிதத்தைத் திரட்டினாலும் எங்கோ ஓரிடத்தில் புதிய மர இழை உள்ளே வந்தே ஆக வேண்டும்.

நெகிழிதான் உண்மையில் சிக்கல். 1950 முதல் 2015 வரை உலகில் உற்பத்தியான நெகிழி ஏறத்தாழ 830 கோடி டன் என்றும், அதில் கழிவாகிவிட்டது சுமார் 630 கோடி டன் என்றும் 2017-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அந்தக் கழிவில் மறுசுழற்சி ஆனது 9 விழுக்காடு. எரிக்கப்பட்டது 12 விழுக்காடு. எஞ்சிய 79 விழுக்காடு குப்பைக் கிடங்குகளிலோ வெளியிலோ கிடக்கிறது. மறுசுழற்சியான அந்தச் சிறு பங்கிலும் ஒரு முறைக்கு மேல் சுழன்றது பத்தில் ஒன்றுதான். தண்ணீர் பாட்டில் நூலாகி ஆடையாகிறது. அந்த ஆடை மீண்டும் பாட்டிலாக வருவது அரிது. வட்டம் என்று பெயர் சூட்டியிருக்கிறோம், பெரும்பாலும் அது ஒரே ஒரு படி இறங்கி நின்றுவிடும் படிக்கட்டு.

இதற்கு முதன்மையான காரணம் கலப்பு. ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் என்பார்களே, அதை நான் ஆலையில் நாள்தோறும் பார்க்கிறேன். தண்ணீர் பாட்டில் செய்யப்படும் பெட் என்ற நெகிழியோடு, பிவிசி என்ற வேறு வகை நெகிழி சிறிதளவு கலந்துவிட்டால், பெட் உருகும் வெப்பத்தில் பிவிசி சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெளிவிடுகிறது. அது நல்ல நெகிழியையும் மஞ்சளாக்கிக் கெடுக்கிறது, இயந்திரத்தையும் அரிக்கிறது. பளபளப்பான சிற்றுண்டி உறைகளில் இரண்டு மூன்று வகை நெகிழிகளும் மெல்லிய அலுமினியப் படலமும் பிரிக்க முடியாதபடி ஒட்டப்பட்டிருக்கின்றன. உள்ளே இருப்பது நமுத்துப்போகாமல் காப்பதில் அந்த உறைக்கு நிகரில்லை. உறை ஆலைக்கு வந்து சேர்ந்த பிறகு அதை வைத்துக்கொண்டு நாங்கள் செய்யக்கூடியது மிகக் குறைவு.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நெகிழிப் பொருள்களின் அடியில் முக்கோண அம்புக்குறிக்குள் 1 முதல் 7 வரை ஓர் எண் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு 'இது மறுசுழற்சி ஆகும்' என்று பலர் நம்பிக்கையோடு போடுகிறார்கள். 1988-இல் நெகிழித் தொழில்துறை கொண்டுவந்த அந்த எண், பொருள் எந்த வகை நெகிழியால் ஆனது என்பதை மட்டுமே சொல்கிறது. அதை வாங்கிச் சுழற்ற ஆள் உண்டா என்பதை அது சொல்வதில்லை. ஆலைக்கு வரும் தவறான பொருள்களில் கணிசமானவை அலட்சியத்தால் வந்தவை அல்ல, நல்லெண்ணத்தால் வந்தவை.

மறுமொழி: கணக்கர்

உலைக்களம் ஆலைக்குள் நடப்பதைத் தெளிவாகச் சொன்னார். மரநிழல் அவர்களின் குறிப்பேட்டில் எடை கூடியதற்கான காரணம் ஆலைக்கு வெளியே இருக்கிறது; அதை மறைத்தது அவர் பயன்படுத்திய அளவுகோல்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். ஒரு வீடு மாதம் 10 கிலோ உலர் கழிவை வெளியேற்றுகிறது, அதில் 5 கிலோ மறுசுழற்சிக்குப் போகிறது என்று கொள்வோம். விகிதம் 50 விழுக்காடு. மறு ஆண்டு அதே வீடு 14 கிலோ வெளியேற்றுகிறது, 9 கிலோ மறுசுழற்சிக்குப் போகிறது. விகிதம் 64 விழுக்காடு. பாராட்டத் தோன்றும். ஆனால் கிடங்குக்குப் போவது அப்போதும் 5 கிலோ, இப்போதும் 5 கிலோ. இடையில் 4 கிலோ பொருள் கூடுதலாகத் தோண்டியும் உருக்கியும் அச்சிட்டும் சுமந்தும் கொண்டுவரப்பட்டிருக்கிறது. இதையே தலைகீழாக்குங்கள். பக்கத்து வீட்டார் பாட்டில் வாங்குவதை நிறுத்தி, 10 கிலோவை 7 ஆக்கிவிட்டார்கள். நின்றது முழுவதும் மறுசுழற்சிக்குப் போய்க்கொண்டிருந்த 3 கிலோ. இப்போது அவர்களுடைய விகிதம் 29 விழுக்காட்டுக்கும் கீழே. உங்கள் குறிப்பேட்டின்படி அவர்கள்தாம் பின்தங்கியவர்கள்! கூட்டத்தில் கேட்டவருக்கு இந்த இரண்டு வீடுகளையும் காட்டினால் போதும்.

கழிவைக் கையாள்வதில் எதை முதலில் செய்வது என்ற வரிசை முறை ஒன்றும் புதிதல்ல. 1979-இல் நெதர்லாந்து நாடாளுமன்றத்தில் அட் லான்சிங்க் என்ற உறுப்பினர் கொண்டுவந்த தீர்மானத்திலிருந்து அது 'லான்சிங்க் ஏணி' என்றே அழைக்கப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டுக் கழிவு நெறிமுறையும் அதே படிகளைச் சட்டமாக்கியது: முதலில் கழிவு தோன்றாமல் தடுத்தல், அடுத்து மறுபயன்பாட்டுக்கு ஆயத்தம் செய்தல், அதன் பிறகே மறுசுழற்சி, பின்னர் ஆற்றலாக மீட்டல், கடைசியில் புதைத்தல். நாம் பேசுவதெல்லாம் மூன்றாம் படியைப் பற்றி. தோன்றாமல் போன குப்பையை எந்தத் தராசிலும் நிறுத்த முடியாது என்பதால் முதற்படி அறிக்கைகளில் இடம்பெறாமலே போகிறது.

வீடுகளின் பங்கு எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். ஐரோப்பிய ஒன்றியக் கணக்குகளில் மொத்தக் கழிவில் வீடுகளிலிருந்து வருவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். கட்டுமானமும் சுரங்கமும் அதைவிடப் பன்மடங்கு. எனவே ஒரு வீட்டுக்காரர் எவ்வளவுதான் முனைந்தாலும், பொருளை வடிவமைத்தவரிடம் பொறுப்புப் போய்ச் சேராவிட்டால் பெரிய அளவில் எதுவும் நகராது. 1990-இல் சுவீடனின் தாமஸ் லிண்ட்க்விஸ்ட், தயாரிப்பாளரின் பொறுப்பு விற்பனையோடு முடிவதில்லை, பொருளின் இறுதிவரை நீள வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். அடுத்த ஆண்டே ஜெர்மனி சிப்பங்களுக்கான அரசாணையைக் கொண்டுவந்தது: சந்தையில் இறக்கும் உறைக்கும் பெட்டிக்கும் அவற்றை இறக்குபவரே பொறுப்பு.

கட்டணத்தை எப்போது வாங்குவது என்பதில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு ஜப்பான் நல்ல சான்று. அந்நாடு பொருள் சுழற்சிச் சமூகத்துக்கான அடிப்படைச் சட்டத்தை 2000-இல் இயற்றியது. குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி, சலவை இயந்திரம், குளிரூட்டி ஆகியவற்றுக்கான சட்டம் 2001-இல் நடைமுறைக்கு வந்தபோது, மறுசுழற்சிக் கட்டணத்தைப் பொருளைக் கழிக்கும் நாளில் கொடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். கழிக்கும்போது காசு கேட்டால், ஆளில்லாத இடத்தில் இறக்கிவிட்டுப் போகும் ஆசை சிலருக்கு வரத்தானே செய்யும், வரவும் செய்தது. 2005-இல் நடைமுறைக்கு வந்த வாகனச் சட்டத்தில் கட்டணத்தைப் புதிய வண்டி வாங்கும்போதே வாங்கிவிடுகிறார்கள். தொகையைவிட, அது கைமாறும் நேரமே மனிதனின் நடத்தையைத் தீர்மானிக்கிறது. 2003 முதல் ஜெர்மனியில் ஒருமுறைப் பயன்பாட்டுப் பாட்டில்களுக்கு 25 சென்ட் வைப்புத்தொகை வாங்கி, திருப்பித் தருவோருக்கு அதைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். பெரும்பாலான பாட்டில்கள் கலப்பின்றித் திரும்பி வருகின்றன. உலைக்களம் வருந்திய கலப்பு அங்கே தோன்றவே இடமில்லை.

மறுமொழி: மண்புழு

மேலே இருவரும் உலர் கழிவைப் பற்றியே பேசுகிறார்கள். மரநிழல் அவர்களே, உங்கள் மொத்த எடையில் மக்கும் குப்பையும் சேர்ந்திருக்கிறதா? சேர்ந்திருந்தால் முதலில் அதைத் தனியே எடுங்கள். மக்கும் குப்பையின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். தோலும் சக்கையும் மிகுந்து வரும் ஒரு மாதமே உங்கள் ஆண்டுக் கணக்கைப் புரட்டிப்போட்டுவிடும்.

எடைக்கு அப்பால் பார்த்தாலும் இதுவே முதலில் கைவைக்க வேண்டிய இடம். காற்றுப் புகாத குப்பை மேட்டுக்குள் மக்கும் பொருள் அழுகினால் மீத்தேன் உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அதே பொருளைக் காற்றோட்டத்தோடு மக்கவைத்தால் உரம். கரிமம் 25 முதல் 30 பங்கும் நைட்ரஜன் 1 பங்குமாக இருக்கும்படி காய்ந்த இலைச்சருகை அடுக்கடுக்காகச் சேர்த்து, நடுப்பகுதி சில நாள்கள் 55 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால், நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் மடிந்துவிடும். நாற்றம் வந்தால் சருகு போதவில்லை, அல்லது கிளறவில்லை என்று பொருள். மக்கும் குப்பை நீங்கிவிட்டால் காகிதமும் நெகிழியும் நனையாமல் அழுக்காகாமல் போய்ச் சேரும் என்பதும் சிறிய நன்மை அல்ல.

தென் கொரியா 2005-இல் உணவுக் கழிவை நேரடியாகப் புதைக்கத் தடை விதித்தது. 2013 முதல் அவரவர் போடும் அளவுக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் முறையை நாடெங்கும் பரப்பியது. ஆனாலும் கணக்கர் காட்டிய அதே கண்ணி இங்கேயும் இருக்கிறது. 2022-இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன் என்றும், அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது என்றும் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் மதிப்பிட்டது. உரமாகிவிட்டதே என்று மனம் ஆறிவிட்டால் அடுத்த முறையும் அளவுக்கு மீறியே வாங்குவோம்.

மறுமொழி: மரநிழல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மண்புழு சொன்னபடி மக்கும் குப்பையை நீக்கிவிட்டு மீண்டும் கூட்டிப் பார்த்தேன். மக்கும் குப்பை ஏறி இறங்கினாலும் போக்கு என்று எதுவும் இல்லை. உலர் கழிவுதான் உயர்ந்திருக்கிறது. அதிலும் அட்டைப் பெட்டிகளும், பொருள்களைச் சுற்றி வரும் மெல்லிய நெகிழித் தாள்களும். பொருள்கள் வீடு தேடி வரத் தொடங்கிய பிறகு பெட்டிக்குள் பெட்டியாக வருவதை நானே பார்த்திருக்கிறேன்; கணக்கில் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

இதை ஒட்டி இரண்டு யோசனைகள் எங்கள் குழுவில் வந்திருக்கின்றன. வீட்டுக்கு நான்கு புதிய பருத்திப் பைகள் வழங்குவது ஒன்று. எஞ்சும் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையத்துக்கு அனுப்புவது மற்றொன்று. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி: கணக்கர்

பைகளை வாங்கும் முன் சற்று நிதானியுங்கள். டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு மெல்லிய நெகிழிப் பையைக் காட்டிலும் பருத்திப் பை மேலானது என்று சொல்ல, காலநிலைக் கணக்கில் மட்டும் அதைக் குறைந்தது 52 முறை பயன்படுத்த வேண்டும். ஆய்வில் எடுத்துக்கொண்ட எல்லாக் கேடுகளையும் சேர்த்தால் அந்த எண்ணிக்கை 7,100 ஆகிறது. பருத்தி கேட்கும் தண்ணீரும் உரமும் நிலமும் அப்படி. வெளியில் சிதறும் நெகிழியின் கேட்டை அந்த ஆய்வு கணக்கில் கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனவே நெகிழிப் பை நல்லது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். வீட்டில் ஏற்கெனவே மடித்து வைத்திருக்கும் பைகளே இன்னும் சில ஆண்டுகளுக்குப் போதும் என்பதுதான் பொருள்.

எரியுலையைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கம் உண்டு. குப்பையின் பருமனை அது ஏறத்தாழ பத்தில் ஒன்றாகக் குறைக்கும், உண்மை. ஆனால் பெருஞ்செலவில் கட்டிய உலைக்குப் பல பத்தாண்டுகள் இடைவிடாமல் தீனி போட வேண்டும். எரித்து வீடுகளைச் சூடாக்கும் சுவீடன், தன் உலைகளின் பசிக்குப் பிற நாடுகளிலிருந்து குப்பையை இறக்குமதி செய்கிறது. குப்பையைக் குறைக்க நினைக்கும் ஊர், குப்பை குறைந்தால் நட்டமாகும் ஒன்றைக் கட்டிவைப்பது முன்னுக்குப் பின் முரண்.

மறுமொழி: உலைக்களம்

இதில் கணக்கரோடு முழுவதும் உடன்பட முடியவில்லை. தொற்றுள்ள மருத்துவக் கழிவை எரிப்பதே பெரும்பாலும் பாதுகாப்பு. முழுவதும் அழுக்கேறிய பல அடுக்கு உறையைப் புதைப்பதைவிட, புகையைச் சரியாக வடிகட்டும் உலையில் எரிப்பது மேல் என்றே நினைக்கிறேன். உலை கூடாது என்பதில்லை; எஞ்சுவது குறைந்துகொண்டே வரும் என்று கணித்து, அதற்கேற்பச் சிறியதாகக் கட்ட வேண்டும். எங்கும் பெரியதாகவே கட்டுகிறார்கள் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

மறுமொழி: நாடோடி

இதுவரை யாரும் குறிப்பிடாத ஓர் ஊர், ஜப்பானின் தொக்குஷிமா மாவட்டத்தில் உள்ள காமிகாட்சு. 1,500-க்கும் குறைவானோர் வாழும் மலையூர். 2020-க்குள் குப்பையே இல்லாத நிலையை எட்டுவதாக 2003-இல் அறிவித்தது. அங்கே குப்பை வண்டி வீடுகளுக்கு வருவதில்லை. மக்களே கொண்டுவந்து நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரித்து வைக்கிறார்கள். உணவுக் கழிவை அவரவர் வீட்டிலேயே உரமாக்கிவிடுகிறார்கள். வேண்டாத பொருளை வைத்துவிட்டுப் போகவும், வேண்டியதை இலவசமாக எடுத்துச் செல்லவும் ஓர் இடம் இருக்கிறது.

இத்தனை செய்தும் மறுசுழற்சி 80 விழுக்காட்டுக்குச் சற்று மேலேதான் நின்றது. எஞ்சியவை என்ன தெரியுமா? ஒருமுறைப் பயன்பாட்டு அணையாடைகள், பிரிக்க முடியாதபடி பல பொருள்களை ஒட்டிச் செய்தவை, இவை போன்றவை. இதற்கு மேல் பிரிக்க முடியாத அளவுக்குப் பிரித்துவிட்ட ஊர் அது. ஆகவே அங்கே எஞ்சியது அந்த ஊராரின் குறை அல்ல, அவற்றைச் செய்து அனுப்பியவர்களின் குறை. மரநிழல் அவர்களே, நீங்கள் மறுசுழற்சிக்குப் போகும் பைகளை எடை போட்டது போதும். போகாமல் எஞ்சும் பையைத் திறந்து பாருங்கள். வீட்டார் திருத்திக்கொள்ள வேண்டியது எது, தயாரிப்பாளருக்கு எழுத வேண்டியது எது என்பது அந்தப் பைக்குள்தான் இருக்கிறது.

மறுமொழி: மரநிழல்

குழுவில் பேசி முடிவெடுத்துவிட்டோம். புதிய பைகள் வாங்கவில்லை. குறிப்பேட்டில் மறுசுழற்சி விகிதம் என்ற பத்தியை அடித்துவிட்டு மூன்று பத்திகள் போட்டிருக்கிறேன்: மக்கும் குப்பை, மொத்த உலர் கழிவு, எஞ்சும் குப்பை. 3 மாதத்துக்கு ஒருமுறை எஞ்சும் குப்பையில் ஒரு பையை விரித்துப் பிரித்து, உள்ளே இருப்பதை எழுதி வைக்கப் போகிறோம். அட்டைப் பெட்டிகளை அப்படியே திரும்ப எடுத்துக்கொள்ளுமாறு பொருள் கொண்டுவருவோரிடம் கேட்பது என்றும் முடிவு. முதல் பையை வரும் ஞாயிற்றுக்கிழமை பிரிக்கிறோம், கையுறைகள் வாங்கியாயிற்று. முன்னெச்சரிக்கையாகக் கவனிக்க வேண்டியது ஏதும் உண்டா?

மறுமொழி: உலைக்களம்

மெல்லிய கையுறை போதாது, தடித்ததாக வாங்குங்கள். உடைந்த கண்ணாடியும் ஊசியும் எஞ்சும் பையில்தான் ஒளிந்திருக்கும். பையை விரித்து அரைமணி நேரம் ஈரம் வடிந்த பிறகு எடை போடுங்கள். இல்லாவிட்டால் மறுபடியும் தண்ணீரைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள்.